பின்னங்காலைப் பாருங்கள்: பிரெஞ்சு நாற்காலிக்குள் நுழைந்த எகிப்து

நாற்காலி என்று சொல்லும்போது நான்கு கால்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய எகிப்தின் தச்சர் எண்ணிப் பார்த்தவர். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் எகிப்தியப் பிரிவில் சுமார் 3,400 ஆண்டுகள் பழைய நாற்காலி ஒன்று இருக்கிறது. சாய்ந்த முதுகுப் பலகை, பதிப்பு வேலை, சிங்கப் பாதங்களில் முடியும் கால்கள். சற்றுக் குனிந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். முன்னால் இருப்பவை சிங்கத்தின் முன்னங்கால்கள், பின்னால் இருப்பவை பின்னங்கால்கள். முழங்கால் மடிப்பும் தொடையின் திரட்சியும் அதற்கேற்ப மாறுகின்றன. நான்கு பாதங்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன. உட்கார்ந்திருப்பவரைச் சுமந்துகொண்டு அந்த விலங்கு நடந்து போய்விடும் போலிருக்கும்.

இப்போது நெப்போலியன் காலத்து பிரெஞ்சுக் கைநாற்காலி ஒன்றின் பின்பக்கம் போய் நிற்போம். முன்னே சிங்கப் பாதமும், தங்கமுலாம் பூசிய எகிப்திய முகமும், தாமரை மொட்டும் இருக்கும். பின்னே வாள்போல் வெளிப்புறம் வளைந்த இரண்டு வெறும் மரக்கால்கள். பிரெஞ்சு மாளிகைகளில் பெரிய இருக்கைகள் சுவரோரமாக வரிசையாக நிற்கும். பின்னங்காலை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் அதற்கு வேலைப்பாடு வீண். முன்பக்கம் எகிப்து, பின்பக்கம் பாரிஸ்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பிரெஞ்சு மரச்சாமான் வடிவமைப்பில் எகிப்தின் தாக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு தனித்தனிச் சம்பவங்கள் என்பது விளங்கும். 1800ஐ ஒட்டி பிரான்ஸ் எகிப்தின் தோலை எடுத்துப் போர்த்திக்கொண்டது. நூறு ஆண்டுகள் கழித்துத்தான் அதன் எலும்புக்கு வந்தது.

தோல் போர்த்தும் பழக்கத்துக்கு நெப்போலியன்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ரோமில் பிரனேசி என்ற செதுக்கோவியர் 1769இலேயே எகிப்திய பாணியில் கணப்படுப்பு முகப்புகளை வரைந்து வெளியிட்டுவிட்டார். பிரெஞ்சு அரசி மாரி அந்துவானெத்துக்கு ஸ்பிங்ஸ் உருவங்கள் மேல், அதாவது மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் மேல், தனி மோகம். சேன்-குளூ மாளிகையில் அவருடைய அறைக்காக 1788இல் செனே என்ற கைவினைஞர் செய்த இருக்கைகளில், முன்கால்களின் மேல் எகிப்தியத் தலையலங்காரத்துடன் பெண் உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. அந்த இருக்கைகள் செய்யப்பட்டுப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் பிரெஞ்சுப் படை அலெக்சாந்திரியாவில் இறங்கியது.

படையெடுப்பு கொண்டுவந்தது விவரம். 1798 ஜூலையில் இறங்கிய படையுடன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள், பொறியாளர்கள், ஓவியர்கள் இருந்தார்கள். அவர்களில் விவாந் தெனோன் ஐம்பது வயதைக் கடந்தவர், பழைய அரண்மனை மனிதர், கையில் எப்போதும் வரைதாள். மேல் எகிப்துக்குள் எதிரிகளைத் துரத்திப்போன தெசே என்ற தளபதியின் படையோடு ஒட்டிக்கொண்டு, நேரம் கிடைத்த இடத்திலெல்லாம், சில வேளை குதிரை முதுகில் இருந்தபடியே வரைந்தார். போர் தோல்வியில் முடிந்தது. 1801இல் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள், எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கப் பின்னால் வழிகாட்டிய ரொசெத்தா கல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆனால் தெனோனின் ஓவியங்கள் பாரிஸுக்கு வந்து 1802இல் நூலாயின. அதே ஆண்டில் அவர் லூவ்ர் அருங்காட்சியக இயக்குநரானார். பிறகு 1809 முதல், படையோடு போன அறிஞர்களின் மாபெரும் தொகுப்பு நூல் பாகம் பாகமாக வரத் தொடங்கியது. தோற்ற போருக்கு இவ்வளவு நேர்த்தியான அச்சுப் பதிவு வேறெங்கும் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

பாரிஸின் மரவேலைக்காரர்கள் கையில் கிடைத்தவை இந்தப் படங்கள். அவற்றில் பெரும்பாலும் இருந்தவை கோயில்கள், தூண்கள், மண்ணில் பாதி புதைந்த வாசல்கள். மூன்றாம் ராம்செஸின் கல்லறைச் சுவரில் தீட்டியிருந்த சிம்மாசனங்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் எகிப்தியர் உண்மையில் உட்கார்ந்த நாற்காலியைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கும் வாய்ப்பு அந்தத் தலைமுறைக்கு ஏறக்குறைய இல்லை. ஆகவே அவர்கள் கட்டடத்தைச் சுருக்கி மரச்சாமானாக்கினார்கள்.

இதற்கு மிகச் சிறந்த சாட்சி இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் நாணயப் பேழை. வடிவமைப்பு பெர்சியே, மரவேலை ழாக்கோப்-தெமால்த்தே, வெள்ளிவேலை பியெனே. மூவருமே நெப்போலியனின் சபைக்கு வேலை செய்தவர்கள். பின்னணியில் தெனோனின் ஓவியம்: மேல் எகிப்தில் கூஸ் என்ற ஊரில் அவர் கண்ட, மேலே போகப்போக உள்ளே சரியும் சுவர்களுடைய கோயில் வாசல். எகிப்தியவியலாளர்கள் பைலன் என்று அழைக்கும் அந்த வடிவம் இங்கே மஹோகனி மரத்தில் இடுப்பளவு பெட்டியாகிவிட்டது. மேல் விளிம்பில் சிறகு விரித்த சூரிய வட்டம், பக்கங்களில் வெள்ளி நாகங்கள். உள்ளே நாணயங்களை அடுக்கும் மெல்லிய இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளித் தேனீ, அதன் ஒரு சிறகு கீல் வைத்துத் திரும்பும், அதைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும்.

அந்தத் தேனீயிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. நெப்போலியன் தேனீயைத் தன் சின்னமாக எடுத்தது எகிப்திலிருந்து இல்லை, பழைய பிராங்கிய அரசன் ஒருவனின் கல்லறையில் கிடைத்த பொன் தேனீக்களிலிருந்து. ஆனால் எகிப்திலும் தேனீ அரச எழுத்து. கீழ் எகிப்தின் மன்னனைக் குறிக்கும் பட்டம் தேனீ உருவத்தால்தான் எழுதப்பட்டது. பேழை செய்யப்பட்ட காலத்தில் சித்திர எழுத்தைப் படிக்க யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு அறிஞர் சாம்போலியோன் அதன் சூத்திரத்தை அறிவித்தது 1822இல். தெரியாமலே சரியாக எழுதிவிட்டார்கள்.

மற்றபடி இந்தக் காலத்துச் சாமான்களில் சித்திர எழுத்து வெறும் அலங்காரம், பொருளில்லாத கிறுக்கல். மேசைக்கால் என்றால் நேரான மரத்தண்டு. மேலே மடிப்புத் தலைத்துணி கட்டிய வெண்கல முகம், கீழே இரண்டு வெண்கலப் பாதங்கள். நடுவில் உடம்பு கிடையாது. தலையையும் பாதத்தையும் கழற்றிவிட்டால் எஞ்சுவது கச்சிதமான பிரெஞ்சு மேசை. அதை வேறு அலங்காரத்துக்கு மாற்றுவதும் எளிது. மாற்றினார்கள், பேரரசு விழுந்த பிறகு. தெனோன் தன் வீட்டுக்கென்று ழாக்கோப்-தெமால்த்தேயிடம் எகிப்திய பாணியில் கட்டிலும் கைநாற்காலிகளும் செய்துகொண்டார். நேரில் பார்த்தவரே அப்படிச் செய்துகொண்டபோது மற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘எகிப்திலிருந்து திரும்பிய பாணி’ என்று பிரெஞ்சில் அதற்குப் பெயர். பெயரிலேயே ஒரு சுற்றுலாத் தொனி.

ஆனால் பாரிஸ் மரவேலையின் அடிமடியில் எகிப்து வெகு காலமாக உட்கார்ந்திருந்தது. யாருக்கும் தெரியாமல், ஒரு சொல்லாக.

உயர்தர மரச்சாமான் செய்பவரை பிரெஞ்சில் எபெனிஸ்ட் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கருங்காலி மரத்தை மெல்லிய தகடாக அறுத்து ஒட்டிப் பேழை செய்தவர்களுக்கு வந்த பெயர் அது. கருங்காலிக்கு பிரெஞ்சில் எபேன். அது லத்தீனிலிருந்து, லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து, கிரேக்கத்துக்கு எகிப்திலிருந்து வந்தது. எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் எழுதப்படுவதில்லை. ஹ, ப, ன, ய என்ற மெய்களே நிற்கின்றன. ஆக, பாரிஸின் பெருமைக்குரிய கைவினைஞர் தன் தொழிலின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நைல் கரையின் சொல்லைச் சொல்கிறார். (எகிப்தியர் அந்தப் பெயரில் அழைத்த மரம் இன்றைய தாவரவியலாளர் கருங்காலி என்னும் இனம் கிடையாது. சூடான் பக்கம் வளரும், ஈட்டி மரத்துக்கு உறவான வேறொரு கரிய மரம். நம்மூரில் கருங்காலி மாலை விற்பவர்களுக்கிடையே நடக்கும் ‘எது அசல்’ சண்டை பழசுதான்.)

சொல் மட்டும் போகவில்லை, அந்தத் தொழில்நுட்பமும் அங்கேதான் முளைத்தது. எகிப்தில் நல்ல மரம் குறைவு. உள்ளூரில் கிடைத்தவை வேல மரம், அத்தி வகை, சவுக்குபோல் தோன்றும் தமரிஸ்க். எல்லாம் முண்டும் முடிச்சுமாகக் குட்டையான துண்டுகள். நீளப் பலகைக்கு லெபனானின் தேவதாரு, கருமைக்குத் தெற்கிலிருந்து வரும் மரம். இறக்குமதி மரம் விலை அதிகம், அதனால் அதைத் தகடாக்கி உள்ளூர் மரத்தின் மேல் ஒட்டினார்கள். இன்று நம் தச்சர்கள் வெனீர் என்று சொல்வது அதுதான். ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை ஓவியத்தில் அடுப்பின் மேல் பசைச்சட்டி கொதிக்கிறது, பக்கத்தில் தகடு ஒட்டும் வேலை நடக்கிறது. சக்காராவின் படிப் பிரமிடில் ஆறு அடுக்கு மெல்லிய பலகைகளை இழையோட்டம் மாற்றி மாற்றி இணைத்த சவப்பெட்டி கிடைத்தது. நாலாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பிளைவுட் என்று தாராளமாகச் சொல்லலாம். இழைப்புளி அவர்களிடம் இல்லை. வாச்சியால் செதுக்கி, மணற்கல்லால் தேய்த்தார்கள். கழுந்தும் துளையும் வைத்து மரஆணியால் இறுக்கினார்கள். மூலைக்குத் தாங்கு வேண்டுமென்றால், இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுத்து அந்த வளைவையே தாங்காக வைத்தார்கள். இழையை வெட்டாத வளைவு முறியாது.

இவையெல்லாம் ஐரோப்பியர் கண்ணில் படத் தொடங்கியது அசல் சாமான்கள் கப்பலேறிய பிறகு. எகிப்திலிருந்த அயல்நாட்டுத் தூதர்கள் கல்லறைகளைத் தோண்டிச் சேகரித்து விற்றார்கள். அதைச் சேகரிப்பு என்பதா கொள்ளை என்பதா என்ற கேள்விக்கு அன்று சட்டத்தில் இடமில்லை. சாம்போலியோன் பொறுப்பில் லூவ்ரின் எகிப்தியப் பிரிவு 1826இல் உருவானது. அதே ஆண்டு ஆங்கிலத் தூதர் சால்ட்டின் தொகுப்பு ஒன்றையும் பிரான்ஸ் வாங்கியது. நாற்காலியும் முக்காலியும் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தன. இருந்தும் பாரிஸ் தச்சர்கள் அடுத்த எண்பது ஆண்டுகள் அவற்றைச் சீந்தவே இல்லை. 1867 உலகக் கண்காட்சியில் மரியெத் என்ற எகிப்தியவியலாளர் கோயில் ஒன்றையே எழுப்பிக் காட்டினார், 1869இல் சூயஸ் திறந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிங்ஸ் அலை வந்து போயிற்று. அவ்வளவே. அசலைத் திருப்பிப் பார்த்து அதன் கட்டுமானத்தை முதலில் கடன்வாங்கியவர்கள் லண்டன்காரர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த எகிப்திய இருக்கையை ஒட்டி லிபர்ட்டி நிறுவனம் 1884இல் பதிவு செய்த ‘தீப்ஸ்’ முக்காலி இன்றும் பழம்பொருள் சந்தையில் ஓடுகிறது. மூன்று வளைந்த கால்கள், குழிந்த இருக்கை, ஒட்டுத்தலை ஒன்றுகூடக் கிடையாது.

பாரிஸில் திருப்பம் ஒரு தையற்கலைஞரால் வந்தது. உடை வடிவமைப்பாளர் ழாக் தூசே, தான் ஆசை ஆசையாகச் சேர்த்த 18ஆம் நூற்றாண்டுச் சாமான்கள் அனைத்தையும் 1912இல் ஏலத்தில் விற்றுவிட்டு, வாழும் கலைஞர்களிடம் மட்டும் வாங்க ஆரம்பித்தார். அவருக்காக ஐலீன் கிரே 1910களின் நடுவில் செய்ததுதான் தாமரை மேசை. கிரே அயர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர், அரக்கு மெருகு வேலையை சுகவாரா என்ற ஜப்பானியக் கைவினைஞரிடம் பழகியவர். கரும்பச்சை அரக்குப் பூசிய அந்த மேசையின் கால்கள் தாமரை முடிகளுடைய எகிப்தியத் தூண்களை நினைவூட்டும். முன்பு மஹோகனியில் அறைந்த வெண்கலத் தாமரைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே தாமரையைக் கழற்ற முடியாது. பூவே தாங்குகிறது.

எகிப்திய மன்னன் தூத்தங்காமுனின் கல்லறைப் படிக்கட்டை ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் கண்டது 1922 நவம்பர் 4. 1920களின் அலங்காரப் பாணியான ஆர்ட் டெகோவில் தெரியும் எகிப்து முழுவதையும் அந்தத் தேதியின் கணக்கில் எழுதுவது எழுத்தாளர்களுக்கு வசதி. கிரேயின் மேசை அதற்கு முந்தையது. பாரிஸின் பார்பெஸ் முனையில் எகிப்தியக் கோயில் முகப்போடு லூக்சோர் திரையரங்கு திறந்தது 1921 அக்டோபரில், கல்லறைக்கு ஓர் ஆண்டு முன்பு. தூத்தங்காமுன் கொண்டுவந்தது கூட்டத்தை. நகை, வாசனைப் புட்டி, சிகரெட் பெட்டி, திரைச்சீலை எல்லாவற்றிலும் வண்டும் பருந்தும் ஏறின. கார்த்தியே கடை அந்த ஆண்டுகளில் செய்த எகிப்திய நகைகள் அழகானவைதாம். மரச்சாமானின் கதை அந்தக் கூட்டத்துக்கு வெளியே ஓடியது.

தூசேயின் இன்னொரு கலைஞர் பியேர் லெக்ரேன், புத்தகக் கட்டுக்கலையிலிருந்து வந்தவர். 1920களில் அவர் செய்த இருக்கைகள் தாழ்வானவை, கனமானவை, ஒரே கட்டையிலிருந்து கடைந்தது போன்றவை. உட்காரும் பலகை நடுவில் குழிந்து ஓரங்களில் எழும். அதில் எகிப்தியத் தலைதாங்கியின் பிறையும் உண்டு, மேற்கு ஆப்பிரிக்க முக்காலிகளின் திண்மையும் உண்டு. இரண்டையும் பாரிஸ் அன்று ஒரே கூடையில் போட்டது. ஒன்று தொல்லியல் துறையிலிருந்தும் மற்றது பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளிலிருந்தும் வந்தது என்பதோ, இரண்டுக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டுகளும் ஒரு பாலைவனமும் கிடக்கின்றன என்பதோ வாங்குபவருக்கு உறைக்கவில்லை. ஆனால் லெக்ரேனின் கைக்கு உறைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒட்டுத்தலை, பொய்யெழுத்து, சிறகு எதுவும் அவர் போடவில்லை. உயரத்தைக் குறைத்தார். எகிப்திய நாற்காலிகளில் பல நம் நாற்காலியைவிட வெகு தாழ்வு, தரையில் குந்தும் வழக்கத்துக்கும் நிமிர்ந்து உட்காரும் வழக்கத்துக்கும் இடைப்பட்டவை. உயரத்தைக் கடன் வாங்குவது முகத்தைக் கடன் வாங்குவதைவிடப் பெரிய துணிச்சல், அறையில் இருக்கும் மற்ற எல்லாச் சாமானையும் அது கேள்வி கேட்டுவிடும்.

1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் உச்சத்தில் நின்றவர் மரச்சாமான் வடிவமைப்பாளர் ரூல்மன். இன்று ஆர்ட் டெகோ என்ற பெயருக்கே காரணமான அந்தக் கண்காட்சியில் ‘சேகரிப்பாளர் மாளிகை’ என்ற அவருடைய கூடத்துக்கு மக்கள் குவிந்தார்கள். அவரை எகிப்தியச் சார்பாளர் என்று நான் சேர்க்க மாட்டேன். அவருடைய மனம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் இருந்தது. ஆனால் அவர் பயன்படுத்திய பொருள்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தொலைதூரத்திலிருந்து வந்த விலையுயர்ந்த கரிய மரம், அவருக்கு அது சுலவேசியின் மக்காசர் கருங்காலி. அதைத் தகடாக்கி மலிவான உடலின் மேல் ஒட்டுதல். கருமையின் மேல் மெல்லிய யானைத்தந்தக் கோடும் புள்ளியும். தூத்தங்காமுனின் கருங்காலி இருக்கைகளில் இருப்பதும் இந்தச் சேர்க்கைதான். எபெனிஸ்ட் என்ற சொல் தன் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டது போல.

அதே 1925இல் கிசாவில் இன்னொரு கல்லறை திறந்தது. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தாய் ஹெத்தெபெரெஸின் சாமான்கள். மரம் முழுக்க மட்கித் தூளாகிவிட்டிருந்தது, அதன் மேல் போர்த்தியிருந்த பொன்தகடு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. தொல்லியலாளர் ரைஸ்னரின் குழு ஒவ்வொரு தகட்டின் இடத்தையும் குறித்து, மடிப்பை அளந்து, உள்ளே இருந்த மரத்தின் அளவைத் திரும்பக் கண்டுபிடித்தது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையான அந்தக் கைநாற்காலியை இன்று கெய்ரோவில் படம் எடுத்துக் காட்டி, எந்தக் காலத்தது என்று கேட்டால், பாதிப் பேர் 1930 பாரிஸ் என்பார்கள். அகலமான ஆழமான இருக்கை, தாழ்ந்த சதுர உடம்பு, கைப்பிடிக்கடியில் கட்டாகக் கட்டிய மூன்று பாப்பிரஸ் பூக்கள்.

1930களில் இந்த ஓட்டம் இரண்டாகப் பிரிந்தது. பெரும் பணம் இருந்த இடத்தில் அலங்காரம் திரும்பியது. 1935இல் ஓடத் தொடங்கிய நார்மண்டி என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பயணிக் கப்பலின் புகைபிடிக்கும் கூடத்தில் ழான் துனான் செய்த பொன்னரக்குச் சுவர்ப்பலகைகள், எகிப்தியக் கல்லறைச் சுவரின் தாழ்புடைப்பு முறையில் அமைந்தவை. மறுபக்கம் வடிவமைப்பாளர் ழான்-மிஷேல் ஃபிராங்க் எல்லாவற்றையும் உரித்துக்கொண்டே போனார். அவருடைய குறுக்குக்கால் இருக்கைகளில் இரண்டு சட்டங்கள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்ளும், மேலே ஒரு தோல், அவ்வளவுதான். அந்த வடிவத்துக்கு ரோமானிய நீதிபதிகளின் இருக்கையும் முன்னோடி என்பதால் எகிப்துக்கு முழு உரிமை எழுத முடியாது. ஆனால் எகிப்தின் மடக்கு முக்காலி அதைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது. அதில் சட்டங்களின் அடிமுனை வாத்துத் தலையாகி, தரையோடு கிடக்கும் கட்டையை அலகால் கவ்விக்கொண்டிருக்கும். இணைப்பையே நகைச்சுவையாக்கிய அந்த வாத்தை ஃபிராங்க் விட்டுவிட்டார். எனக்கு அது குறையாகவே படுகிறது.

வாத்தின் குணத்தை மீட்டவர் அடுத்த தலைமுறையில் ஃபிரான்சுவா-சேவியே லலான். இளம் வயதில் லூவ்ரின் பழங்காலப் பிரிவில் காவலாளியாகச் சில காலம் வேலை பார்த்தவர். ஆளில்லாத நேரத்தில் எகிப்திய, அசிரிய விலங்குகளோடு நாள் முழுக்க இருக்கக் கிடைக்கும் வேலை அது. 1964இல் அவர் பித்தளையில் ஒரு பெரிய காண்டாமிருகம் செய்தார். 1960களின் நடுவில் காட்சிக்கு வைத்த ஆட்டுமந்தையின் மேல் உட்காரலாம். நீர்யானைக்குள் குளிக்கலாம். 1967இல் பாரிஸின் பெத்தி பலேயில் தூத்தங்காமுன் கண்காட்சி நடந்தபோது பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்தக் கல்லறையின் முன்னறையில் கார்ட்டர் கண்ட முதல் பொருள்களில் மூன்று கட்டில்கள் உண்டு. ஒன்று பசு, ஒன்று பெண்சிங்கம், மூன்றாவது பாதி நீர்யானையும் பாதி முதலையுமான பூதம். விலங்கின் உருவத்தைக் கட்டிலில் செதுக்கவில்லை. இரண்டு விலங்குகள் இரு பக்கமும் நிற்க, நடுவே படுக்கை. விலங்குதான் கட்டில்.

லலானின் காண்டாமிருகத்துக்குத் திரும்பினால், அதன் விலாப்புறத்தில் ஒரு தகடு கீலில் கீழிறங்கும். திறந்தால் எழுதும் மேசை, உள்ளே தாள் வைக்க அறைகள். மூடினால் வெறும் காண்டாமிருகம். அறையின் நடுவில்தான் அதை வைக்க வேண்டும், சுவரோரம் தள்ளினால் பாதி போய்விடும். பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தால், பின்னங்கால் பின்னங்காலாகவே இருக்கிறது, நான்கு பாதமும் ஒரே திசையில்.